வீட்டு நாய் சேவை நாயாகுமா?

உளநலச் சேவை நாய் என்பது, மனநலக் கோளாறால் அன்றாட வாழ்க்கையே தடைப்பட்டுப்போன ஒருவருக்காகக் குறிப்பிட்ட சில பணிகளைச் செய்யப் பழக்கப்பட்ட நாய். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்க்கு அமெரிக்காவில் என்ன உரிமை உண்டோ அதே உரிமை இதற்கும் உண்டு. வழிகாட்டி நாய்களைப் பழக்கும் ‘த சீயிங் ஐ’ பள்ளி அந்நாட்டில் 1929-இல் தொடங்கியது. மனநோய்க்கென நாயைப் பழக்கும் வழக்கம் அதற்கு வெகுகாலம் பிந்தியது. இதற்கென நாய்களை வளர்த்துப் பழக்கித் தரும் அமைப்புகள் உண்டு என்றாலும், அவற்றிடம் ஒரு நாய் கிடைக்கப் பல மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள்கூடக் காத்திருக்க வேண்டும். நாய் ஒன்றுக்கு ஆகும் செலவு பல்லாயிரம் டாலர். ஆகவே நோயால் வாடுபவரின் பார்வை முதலில் திரும்புவது, ஏற்கெனவே வீட்டில் காலடியில் படுத்துக் கிடக்கும் நாயின் பக்கம்தான். அது தகுதியானதா என்று எப்படி முடிவு செய்வது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

சட்டம் எதைப் பணி என்கிறது

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-இல் நிறைவேறியது. அதன் கீழ் நீதித்துறை 2010-இல் வெளியிட்டு, 2011 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் சேவை விலங்கு என்பதற்கு இறுக்கமான வரையறை தந்தன. சேவை விலங்கு என்றால் நாய் மட்டுமே. (குட்டைக் குதிரைக்குத் தனியே ஒரு விதி உண்டு.) அந்த நாய் மாற்றுத்திறன் உள்ள ஒருவருக்காகத் தனிப்படப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். செய்யும் பணி அவருடைய குறைபாட்டோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். அருகில் இருப்பதால் கிடைக்கும் ஆறுதல், துணை, மனத்தெம்பு ஆகியவை பணி ஆகா என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்தக் கடைசி வரிதான் பலருக்குப் புரியாமல் போகிறது. நீதித்துறையின் விளக்கமே ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. பதற்றம் கிளம்பப்போவதை உணர்ந்து, அதைத் தடுக்கவோ தணிக்கவோ குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்யும்படி நாய் பழக்கப்பட்டிருந்தால் அது சேவை நாய். அது பக்கத்தில் இருந்தாலே நெஞ்சு இலேசாகிறது என்றால் அது ஆறுதல் தரும் விலங்கு. இரண்டாவது நாயின் மதிப்பு குறைந்ததன்று. ஆனால் கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் நுழையும் உரிமை அதற்குச் சட்டப்படி கிடையாது. விமானங்களிலும் இப்போது இதே நிலைதான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020 டிசம்பரில் வெளியிட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி, ஆறுதல் விலங்கைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கடமையிலிருந்து விமான நிறுவனங்களை விடுவித்தது. அதே விதி உளநலச் சேவை நாயை மற்றச் சேவை நாய்களுக்குச் சமமாக வைத்தது. நாயின் உடல்நலம், நடத்தை, பயிற்சி பற்றிப் பயணியே எழுதிக் கையொப்பமிடும் படிவத்தை நிறுவனங்கள் கேட்கலாம்.

நாயைப் பழக்கியவர் யார் என்று சட்டம் பார்ப்பதில்லை. வளர்ப்பவரே பழக்கலாம். அரசின் பதிவேடோ சான்றிதழோ அடையாள அட்டையோ தேவையில்லை. இணையத்தில் விலைக்கு விற்கும் அட்டைகளுக்கும் அங்கிகளுக்கும் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. கடைக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை விலங்கா இது? எந்தப் பணியைச் செய்ய இது பழக்கப்பட்டிருக்கிறது? நோயின் பெயரைக் கேட்கவோ பணியைச் செய்து காட்டச் சொல்லவோ அவருக்கு உரிமை இல்லை. அதே சமயம், நாய் கட்டுக்கு அடங்காமல் போய், அதை வளர்ப்பவர் அடக்கத் தவறினாலும், அது உள்ளே அசுத்தம் செய்யும் நாயாக இருந்தாலும், அதை வெளியே கொண்டுபோகச் சொல்லலாம்.

வாசலில் சோதனை இவ்வளவு எளிதாக இருப்பதால், உண்மையான சோதனையை வீட்டிலேயே நடத்தி முடிக்கும் பொறுப்பு முழுக்க வளர்ப்பவர் தலையில் விழுகிறது. தகுதியில்லாத ஒரு நாய் பேரங்காடியில் இன்னொருவரின் வழிகாட்டி நாய்மீது பாய்ந்தால், பல ஆண்டுப் பயிற்சி பெற்ற அந்த நாய் மற்ற நாய்களைக் கண்டு அஞ்சத் தொடங்கி, வேலைக்கே ஆகாமல் போகலாம். இந்த முடிவை அவ்வளவு கவனமாக எடுக்க வேண்டியிருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

முதலில் மனிதர், பிறகு நாய்

பெரும்பாலோர் நாயிலிருந்து தொடங்குகிறார்கள்: ‘இவன் ரொம்பப் புத்திசாலி, சொன்னால் கேட்பான்.’ தொடங்க வேண்டிய இடம் நோயாளியின் நாள். மனச்சோர்வு, பீதிக் கோளாறு, போர் முதலிய பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பிடிஎஸ்டி, இருமுனைக் கோளாறு என்று மருத்துவர் எழுதித் தந்த பெயர் மட்டும் போதாது. அந்த நோய் வாழ்க்கையின் முக்கியச் செயல்களில் ஒன்றையாவது பெரிதும் முடக்கினால்தான் சட்டத்தின் கண்ணில் அது குறைபாடு. எனவே எந்த நேரத்தில், எந்த இடத்தில், எது நின்றுபோகிறது என்று எழுதிப் பார்ப்பது முதல் வேலை. வரிசையில் நிற்கும்போது மூச்சு முட்டி வெளியேற வழி தெரியாமல் போகிறதா? இரவு மூன்று மணிக்குக் கெட்ட கனவில் அலறி எழுந்து, பிறகு விடியும்வரை தூக்கம் இல்லையா? தன்னை அறியாமல் கையைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறாரா? மருந்து வேளை நாள்தோறும் தவறுகிறதா?

ஒவ்வொரு தருணத்துக்கும் நேராக ஒரு நாய் செய்யக்கூடிய செயல் இருக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். வெளிவாசலை நோக்கி அழைத்துச் செல்லலாம். மடியிலோ மார்பிலோ முழு எடையையும் வைத்துப் படுத்து அழுத்தம் தரலாம். பிறாண்டும் கையை மூக்கால் இடித்து நிறுத்தலாம். கடிகார ஒலி கேட்டதும் மருந்துப் பையைக் கொண்டுவந்து தரலாம். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிபவருக்கு, ‘போய்ப் பார்’ என்றதும் அறைக்குள் சென்று, அங்கே ஒருவர் உண்மையில் நிற்கிறாரா என்பதைத் தன் நடத்தையால் காட்டலாம். விளக்கைப் போடலாம்.

சில பணிகளைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான நாய்களுக்கு, அந்நியர் நெருங்காதபடி முன்னால் வந்து நிற்பதும், வீட்டுக்குள் நுழையுமுன் அறைகளைச் சுற்றிப் பார்த்துவருவதும் கற்றுத்தரப்படுகின்றன. உலகம் ஆபத்தானது என்ற நோயின் பொய்யை இவை மேலும் உறுதிப்படுத்திவிடக்கூடும் என்ற ஐயம் மருத்துவர்களிடையே உண்டு. ஏற்கெனவே அந்நியரைக் கண்டால் முறைக்கும் நாய்க்கு இவ்வேலையைக் கற்றுக்கொடுப்பது இன்னும் மோசம். அது தன்னைக் காவலாளியாகவே எண்ணிக்கொள்ளும். பணிப் பட்டியலைச் சிகிச்சை தரும் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பட்டியல் எழுதி முடித்தபின் எந்தப் பணியும் தேறாமல், ‘இவன் கூட இருந்தால் போதும்’ என்பதே எஞ்சினால், விடை கிடைத்துவிட்டது. அந்த வீட்டுக்குச் சேவை நாய் தேவையில்லை. நாய் தேவை, அது ஏற்கெனவே இருக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சட்டச் சொல் விளையாட்டு இல்லை என்பதை ஆராய்ச்சியும் காட்டுகிறது. ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு அடித்துச் சொல்லவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை இதைச் சோதிக்க 2011-இல் எடுத்த முதல் முயற்சி பாதியில் நின்றது. பிறகு திருத்திய முறையில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிடிஎஸ்டி உள்ள 181 பேருக்கு நாய்கள் தரப்பட்டன. 97 பேருக்குப் பணிகள் கற்ற சேவை நாய், 84 பேருக்கு நல்லொழுக்கம் மட்டும் கற்ற ஆறுதல் நாய். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது அன்றாடச் செயல்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோய்க்குறிகளின் கடுமையிலும் தற்கொலை எண்ணத்திலும் சேவை நாய் பெற்றவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறியிருந்தார்கள். 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வு, 156 முன்னாள் படைவீரர்களில் சேவை நாய் பெற்றவர்களையும் நாய்க்காகக் காத்திருந்தவர்களையும் மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டது. யாரிடம் நாய் இருக்கிறது என்று தெரியாத மருத்துவர்களே நோயை மதிப்பிட்டார்கள். பிடிஎஸ்டி நீடிப்பதற்கான வாய்ப்பு விகிதம் சேவை நாய் பெற்றவர்களிடம் 66 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நல்ல நாய் எதுவானாலும் உதவுகிறது என்றும், பணிகள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன என்றும் கொள்வதே நேர்மை. அந்தக் ‘கொஞ்சத்துக்காக’ ஒரு வீட்டு நாயின் வாழ்க்கையை முழுவதும் மாற்றலாமா என்பதும் இந்த முடிவின் ஒரு பகுதி.

‘நான் அழுதால் இவனுக்குத் தெரிந்துவிடும்’

வீட்டு நாயைத் தகுதியானது என்று நம்பச் செய்யும் முதல் சான்று பெரும்பாலும் இதுதான். அழும்போது ஓடிவருகிறது, பதறும்போது முகத்தை நக்குகிறது, சோர்ந்து படுத்தால் விட்டு நகர்வதில்லை.

நாய்க்கு அது தெரிகிறது என்பதில் ஐயமில்லை. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022-இல் நடந்த சோதனையில், கடினமான மனக்கணக்கு போடச் சொல்லி 36 பேருக்குப் பதற்றம் ஏற்படுத்தி, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் மூச்சும் வியர்வையும் சேகரிக்கப்பட்டன. பழக்கிய நான்கு வீட்டு நாய்கள், பதற்றத்தின் வாசனையை 93.75 சதவீத முறை சரியாகப் பிரித்துக் காட்டின. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு நாய்கள், கொடிய நினைவு கிளறப்பட்டவர்களின் மூச்சையும் அதுபோலவே இனம் கண்டன. மூக்கின் திறமை நாயினத்துக்கே பொது. வீட்டு நாய்க்கும் அது உண்டு.

ஆனால் தெரிவது வேறு, தெரிந்தபின் என்ன ஆகிறது என்பது வேறு. சுவீடனின் லின்சோப்பிங் பல்கலைக்கழகம் 2019-இல் 58 நாய்களின் ரோமத்திலும் அவற்றை வளர்த்த பெண்களின் தலைமுடியிலும் கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனை அளந்தது. முடியில் படியும் கார்ட்டிசால் பல மாத நிலையைச் சொல்லும். வளர்ப்பவருக்கு அளவு கூடியிருந்தால் நாய்க்கும் கூடியிருந்தது. நாயின் குணத்தைவிட மனிதரின் குணமே நாயின் அளவோடு அதிகத் தொடர்பு கொண்டிருந்தது. மனிதரின் நெருக்கடி நாயின் உடம்புக்குள்ளும் போய்ச் சேர்கிறது.

ஆக, அழும்போது ஓடிவந்து முகத்தை நக்கும் நாய் மூன்றில் எதைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஆறுதல் தர வந்திருக்கலாம். புதுமையான ஓசையின் காரணம் அறிய வந்திருக்கலாம். அல்லது தானே பயந்துபோய், ‘இதை நிறுத்து’ என்று கெஞ்சலாம். காதுகள் பின்னால் ஒட்டிக் கிடப்பது, வால் கால்களுக்கிடையே ஒடுங்குவது, வெப்பம் இல்லாமலேயே மூச்சிரைப்பது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாம் மூன்றாவதன் அடையாளங்கள். அழுகை அடங்கியபின்னும் நாய் வெகுநேரம் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தால், சாப்பாட்டைத் தொடாவிட்டால், ஐயமே வேண்டாம். அத்தகைய நாய் வளர்ப்பவர்மீது கொண்ட பாசம் ஆழமானது. அந்தப் பாசத்தின் காரணமாகவே அது இந்த வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு நாளும் பலமுறை தன்னை அச்சுறுத்தும் ஒன்றின் நடுவே நின்று வேலை செய்யும்படி அதைக் கேட்பது கொடுமை.

தேர்வின் மையம்: எத்தனை நொடியில் மீள்கிறது

எந்த நாயும் திடுக்கிடும். இரும்புத் தட்டு தரையில் விழுந்தால் சேவை நாயும் துள்ளும். பார்க்க வேண்டியது அடுத்து வரும் சில நொடிகளை. நல்ல நாய் துள்ளும், திரும்பும், விழுந்த பொருளைப் போய் மோந்து பார்க்கும், பிறகு வளர்ப்பவரைப் பார்க்கும். அடுத்த முறை அதே ஓசைக்குக் காதை மட்டும் அசைக்கும். இன்னொரு நாய் துள்ளி, மேசைக்கடியில் புகுந்து, அந்த அறைக்கே மறுநாள் வர மறுக்கும். இரண்டுக்கும் இடையில் பல படிகள் உண்டு. தின்பண்டத்தை வாங்க முடிகிறதா என்பது எளிய அளவுகோல். பயத்தின் உச்சத்தில் இருக்கும் நாய், மிகப் பிடித்த இறைச்சியையும் வாயில் வாங்காது.

இதை ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்த்து முடிக்க முடியாது. தானியங்கிக் கதவு, உலோகப் படிக்கட்டு, சக்கர நாற்காலி, குடை விரிப்பவர், தொப்பியும் தாடியும் உள்ள ஆள், கத்திக்கொண்டு ஓடும் குழந்தைகள், பேருந்தின் காற்றுத்தடை எழுப்பும் சீறல் என்று, நாயை அனுமதிக்கும் இடங்களிலேயே வாரக்கணக்கில் பார்த்து எழுதிவைக்க வேண்டும். தள்ளுவண்டிக் கடைக்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா நிற்கும்போது நாயின் உடம்பு தளர்கிறதா என்பது, ‘உட்கார்’ என்றதும் உட்காருகிறதா என்பதைவிட அதிகம் சொல்லும். உட்காரக் கற்றுக்கொடுத்துவிடலாம். தளரக் கற்றுக்கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையின் ஒரு பகுதி குட்டிப்பருவத்திலேயே வரையப்பட்டுவிடுகிறது. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்த நீண்ட ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக, 1961-இல் வெளியான சோதனை ஒன்று இதை அழுத்தமாகக் காட்டியது. உயர்ந்த வேலிக்குள், மனிதரைக் காணாமல் தாயோடு வளர்ந்த குட்டிகள், வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகின. ஏழு வார வயதை ஒட்டிப் பழகியவை எளிதில் ஒட்டிக்கொண்டன. 14 வாரம்வரை மனிதரைப் பார்க்காதவை காட்டு விலங்குபோல விலகியே நின்றன. ஏறத்தாழ 3 முதல் 12 வாரம்வரை உள்ள அந்தச் சாளரத்தில் நாய் எதைப் பாதுகாப்பானது என்று கற்றதோ, அது ஆயுளுக்கும் அதன் அடித்தளம். வளர்ந்த நாயாகத் தத்தெடுத்தவருக்கு அந்த வாரங்களின் கதை தெரியாது. தெரியவும் தேவையில்லை. மேலே சொன்ன சோதனைகளில் அதன் விளைவு வெளிப்பட்டுவிடும்.

மேலோட்டமான நம்பிக்கைகள் இங்கே உதவுவதில்லை. இனத்தைப் பார்த்து முடிவு செய்வது அவற்றில் ஒன்று. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களையும் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் கொண்டு 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, தனித்தனி நாய்களுக்கிடையிலான நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டது. லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் இந்த வேலையில் அதிகம் தென்படுவதற்குக் காரணம், இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வம்சங்கள் அவற்றில் இருப்பதே. பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு அந்த வம்சம் இல்லை.

செல்லமாக வளர்ந்தது நல்லது என்பது இன்னொரு நம்பிக்கை. ‘த சீயிங் ஐ’ பள்ளியில் பிறந்த 98 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் கண்டது. தாய் எந்நேரமும் அரவணைத்த குட்டிகள் பின்னாளில் தேர்வில் தவறும் வாய்ப்பே அதிகம். நின்றுகொண்டே பால் கொடுத்த தாயிடம், எட்டிப் பிடித்துக் குடிக்க வேண்டியிருந்த குட்டிகள் கூடுதலாகத் தேறின. சிறு தடைகளைத் தானே கடந்து பழகுவதில் ஏதோ இருக்கிறது.

வல்லுநர்களுக்கே இந்தக் கணிப்பு கடினம் என்பதையும் மறக்கக் கூடாது. இதற்கென்றே வளர்த்த குட்டிகளிலும் பெரும் பகுதி பாதியில் கழிக்கப்படுகின்றன. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம், கேனைன் கம்பேனியன்ஸ் அமைப்பின் நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையை எம்ஆர்ஐ கருவியில் பார்த்தது. தேறாத நாய்களை முன்கூட்டியே கண்டறிவதில் வழக்கமான நடத்தைச் சோதனை சுமார் 47 சதவீதமும், மூளைப்படம் சுமார் 67 சதவீதமும் வெற்றி பெற்றன. அந்நியரைக் காணும்போது அமிக்டலா என்னும் அச்ச மையம் துடித்த நாய்களே அதிகம் தவறின. வீட்டில் அந்தக் கருவி இல்லை. ஆனால் அங்கே அளந்ததும், தட்டு விழுந்தபின் நாய் மேசைக்கடியிலிருந்து வெளிவர எடுக்கும் நேரமும் நெருங்கிய உறவினர்கள்.

விலக்கப்பட வேண்டியவை

சில குணங்களுக்குப் பேரம் இல்லை. மனிதரையோ மற்ற நாயையோ கடித்த, கடிக்கப் பாய்ந்த நாயைப் பொது இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. உணவுக் கிண்ணத்தைக் காத்து உறுமும் நாய், அணிலைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாய் ஆகியவற்றைத் திருத்த முடியலாம். ஆனால் மனநெருக்கடியில் வளர்ப்பவரின் கை நடுங்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு அவை ஈடுகொடுக்குமா என்று கேட்க வேண்டும். எல்லாரிடமும் துள்ளிப் போய் ஒட்டும் நாய் அபாயமற்றது என்றாலும், கூட்டத்தில் வளர்ப்பவரை மறந்துவிடும். வேலைக்கு மிக ஏற்றது, அந்நியர் தொட்டால் பொறுத்துக்கொண்டு, அவர்மீது பெரிய அக்கறை காட்டாத நாய்.

வயதும் கணக்கில் வர வேண்டும். எட்டு மாத நாயைப் பார்த்து முடிவு செய்வது பெருந்தவறு. நியூகாசில் பல்கலைக்கழகம் 2020-இல் காட்டியபடி, அந்த வயதில் நாய்கள் தம்மை வளர்ப்பவரின் சொல்லைத்தான் மீறுகின்றன. அந்நியர் சொன்னால் கேட்கின்றன. மனிதரின் பதின்பருவம் போன்றதே இது. குணம் நிலைப்பது ஒன்றரை, இரண்டு வயதில். மறுபுறம், ஏழு வயது நாய்க்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி தந்து முடிக்கும்போது அது ஓய்வுபெறும் வயதை எட்டியிருக்கும்.

கால்நடை மருத்துவரின் பரிசோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. இடுப்பு மூட்டுக் குறைபாட்டை உறுதியாகச் சொல்ல அமெரிக்காவில் வழக்கமாக இரண்டு வயதுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேதான் ஏற்கப்படுகிறது. சப்பை மூக்கு நாய்களால் வெயிலில் நீண்ட நேரம் நடக்க முடியாது. உடல் அளவு பணியைப் பொறுத்தது. மருந்துப்பை கொண்டுவரவும் கையை இடிக்கவும் சிறு நாயே போதும். மார்பில் படுத்து அழுத்தம் தர எடை வேண்டும். அடிக்கடி வலியில் இருக்கும் நாய் திடீரென எரிச்சல் அடைவதை, வளர்ப்பவர் பல நேரங்களில் குணக்கேடு என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்.

பயிற்சியே இறுதித் தேர்வு

இவ்வளவும் தேறிய நாய்க்கு இன்னும் தகுதி வந்துவிடவில்லை. பயிற்சியைத் தொடங்கும் தகுதியே வந்திருக்கிறது. முதலில் நல்லொழுக்கம். அமெரிக்கன் கென்னல் கிளப் 1989-இல் தொடங்கிய ‘கேனைன் குட் சிட்டிசன்’ தேர்வு நல்ல முதல் படி. அதில் பத்துச் சோதனைகள் உண்டு. அந்நியர் அணுகும்போது அமைதி, கூட்டத்தினூடே நடை, மற்றொரு நாயைக் கண்டும் நிலைகுலையாமை, வளர்ப்பவர் மூன்று நிமிடம் மறைந்திருந்தாலும் பொறுத்திருத்தல் முதலியவை அவற்றுள் சில. சேவை நாய் வைத்திருப்போருக்கான பன்னாட்டுச் சங்கமான ஐஏஏடிபி வகுத்த குறைந்தபட்ச அளவு, ஆறு மாதமாவது நீளும் 120 மணிநேரப் பயிற்சி. அதில் 30 மணிநேரமாவது பொது இடங்களில். இது சட்டக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான நாய்களுக்கு இதைவிட அதிக நேரமே ஆகும். பயிற்சியில் இருக்கும் நாயைக் கடைக்குள் விடலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது.

பணியைக் கற்றுக்கொடுக்கும் முறையை ஒன்றைக்கொண்டு விளக்கலாம். கையைப் பிறாண்டும் பழக்கத்தை நிறுத்துவது பணி என்று வைத்துக்கொள்வோம். முதலில் விரித்த உள்ளங்கையை மூக்கால் தொட்டால் தின்பண்டம். அது உறுதியானதும் ‘தொடு’ என்ற சொல் சேர்கிறது. பிறகு வளர்ப்பவர் கையைப் பிறாண்டுவதுபோல நடித்து, உடனே ‘தொடு’ என்கிறார். நாய் வந்து இடிக்கிறது, பரிசு. நாளாக நாளாக, சொல் வருமுன்பே, பிறாண்டும் அசைவைக் கண்டதும் நாய் எழுந்து வருகிறது. அசைவே ஆணையாகிவிட்டது. இனிச் சொல் தேவையில்லை. அடுத்து இடம் மாற்றம்: நாற்காலியில், படுக்கையில், இருட்டில், தொலைக்காட்சி அலறும்போது, நாய் தூங்கிக்கொண்டிருக்கும்போது. கடைசியாக, கை நிற்கும்வரை விடாமல் இடிக்கக் கற்றுக்கொடுப்பது.

இந்தச் சிறு பாடத்துக்குள் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. வளர்ப்பவரின் துன்பத்தின் அறிகுறி, நாய்க்கு நல்ல சேதியாக மாறுகிறது. அதைக் கண்டதும் அது வாலை ஆட்டிக்கொண்டு வேலைக்கு வர வேண்டும். பதற்றத்தால் உதவ வரும் நாய் சில மாதங்களில் தேய்ந்துவிடும். விளையாட்டாக உதவ வரும் நாய் பல ஆண்டுகள் உழைக்கும். நடிப்பில் மகிழ்ச்சியோடு வந்த நாய், உண்மையான நெருக்கடியின்போது பின்வாங்குகிறதா என்று பார்ப்பதே பயிற்சியின் மிக முக்கியமான கட்டம். கனவிலிருந்து எழுப்பும் பணிக்கு இன்னொரு கவனமும் வேண்டும். அலறி எழுபவரின் கை நாய்மேல் படக்கூடும். அதனால் முகத்தருகே போகாமல் பாதத்தைத் தொடவோ, விளக்கை முதலில் போடவோ பழக்குவது நல்லது.

பயிற்சி தருபவரும் நோயாளிதான் என்பது பலர் எண்ணிப் பார்க்காத சிக்கல். படுக்கையை விட்டு எழ முடியாத வாரங்களிலும் நாய்க்கு நடையும் பாடமும் வேண்டும். அந்நாட்களில் கயிற்றைப் பிடிக்க வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரா? வெளியில் நாயோடு போகிறவர் ஒவ்வொரு கடையிலும் கேள்விக்கும் பார்வைக்கும் ஆளாவார். கூட்டத்தையே அஞ்சுபவருக்கு அது சிகிச்சையாகவும் அமையலாம், பெருஞ்சுமையாகவும் ஆகலாம். நாயின்மேல் உயிரையே வைத்திருப்பவரால் அதன் குறையைப் பார்க்க முடியாது. எனவே பாசமற்ற ஒரு கண், அதாவது வன்முறையின்றிப் பழக்கும் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர், தொடக்கத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் நாயை மதிப்பிடுவது அவசியம். எந்த அறிகுறியைக் கண்டால் நிறுத்துவது என்பதைப் பயிற்சி தொடங்குமுன்பே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பாதி வழி வந்தபின் அந்தக் கோட்டைப் புதிதாக வரைய யாருக்கும் மனம் வராது.

நிறுத்த வேண்டி வந்தால் கற்ற பணிகள் வீணாவதில்லை. பொது இடத்துக்கு ஆகாத நாய், நாலு சுவருக்குள் அதே கையை இடித்து நிறுத்தலாம், அதே மருந்துப்பையைக் கொண்டுவரலாம், இரவில் அதே விளக்கைப் போடலாம். கெட்ட கனவும் தவறிய மருந்தும் நிகழும் இடம் வீடுதான். பல நோயாளிகளின் பணிப் பட்டியலில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. எஞ்சியவற்றுக்கு, கூட்டத்தில் தளர்ந்து நிற்கும் குணமுள்ள இரண்டாவது நாய் ஒன்று சில ஆண்டுகள் கழித்து வரலாம். அதுவரை முதல் நாயை அங்கி மாட்டிக் கடைத்தெருவுக்கு இழுத்துச் செல்லாமல், அதற்குப் பழகிய மூலையில் படுக்கவிட வேண்டும்.